விஷ நீரைக் காட்டிக் கொடுக்கும் வெங்காயம்!

நொய்யல் ஆற்றில், ஒரத்துப்பாளையத்தில் ஓர் அணை இருக்கிறது. பாசனத்துக்காக 1992-ம் ஆண்டு கட்டியது. அணையில் தண்ணீர் நிறைந்தது. ஆனால் விவசாயிகள் மகிழவில்லை. திருப்பூர்ச் சாயப் பட்டறைகளின் கழிவு நீரும் அதில் கலந்து தேங்கியது. தண்ணீர் உப்பாயிற்று. "அணையில் தண்ணீரைத் தேக்க வேண்டாம்" என்று விவசாயிகளே சொல்லும் காலம் வந்தது!

2011 ஜனவரியில், கழிவு நீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரிக்கத் தவறிய சாயப் பட்டறைகளை மூடும்படி சென்னை ஐகோர்ட்டு உத்தரவு போட்டது.

சாய நீர் சிவப்பாக ஓடினால் எல்லோருக்கும் தெரியும். நிறத்தை மட்டும் எடுத்துவிட்டால்? தண்ணீர் தெளிவாக இருக்கும். உள்ளே இருக்கும் உப்பும் விஷமும் கண்ணுக்குத் தெரியாது.

அதைக் காட்டிக் கொடுக்க ஒரு சாட்சி உண்டு. நம் வீட்டு வெங்காயம்தான் அது!

எப்படிச் சோதிக்கிறார்கள்?

சில கண்ணாடிக் குவளைகளில் நல்ல தண்ணீர் விடுகிறார்கள். மற்றவற்றில் கழிவு நீர். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு வெங்காயம். அதன் அடிப்பக்கம் மட்டும் நீரில் படும். சில நாட்களில் வேர் விடும். அதை அளந்து பார்க்கிறார்கள்.

நல்ல தண்ணீரில் வேர் வெள்ளையாக, நீளமாக வளரும். விஷ நீரிலோ குட்டையாக நின்றுவிடும். சில சமயம் வளையும்; வீங்கும்.

வேர் நுனியை மைக்ராஸ்கோப்பில் வைத்தும் பார்க்கலாம். உயிரணுக்கள் ஒழுங்காகப் பிரிகின்றனவா என்பது தெரியும். 1938-லேயே வெங்காய வேரை இப்படி ஆராய்ந்தவர், சுவீடன் விஞ்ஞானி ஆல்பர்ட் லேவான்.

என்ன விஷம் என்று வெங்காயம் சொல்லாது. அதற்கு ரசாயனச் சோதனை வேண்டும். ஆனால் பல விஷங்கள் ஒன்றாகக் கலந்தால் உயிருக்கு என்ன ஆகும் என்பதை வேர் காட்டிவிடும். செலவும் குறைவு.

மீன் பிழைத்தால் போதுமா?

நம் நாட்டு விதிகளில் ஒரு மீன் சோதனை இருக்கிறது. கழிவு நீரில் விட்ட மீன்களில் 100-க்கு 90, 96 மணி நேரம் கழித்தும் உயிரோடு இருக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் மீன் பிழைத்தால் போதுமா? அந்த நீர் பாயும் வயலில் பயிரும் பிழைக்க வேண்டாமா?

பயிர் கருகிய பிறகு ஆராய்ந்து பயன் இல்லை. ஆலை வாசலிலேயே வெங்காயத்தைக் கேளுங்கள். அது பொய் சொல்லாது!