தட்டட்டியில் கட்டிய குட்டி

நாய்க்குட்டி வாங்கும்போது நாம் கேட்காத கேள்வி இல்லை. ஜாதி நாயா, கலப்பா? தாய் நாயைப் பார்க்கலாமா? வளர்ந்தால் எவ்வளவு உயரம் வரும்? விலை பேசுவதில் கடையநல்லூர்க்காரர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. ஆனால், ‘வீட்டில் ஆள் இல்லாதபோது இது எங்கே இருக்கும்?’ என்று யோசித்து வாங்கியவர்கள் நம்மில் குறைவு. குட்டி வந்த மறுநாள் காலை, தென்காசி பஸ்ஸைப் பிடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் அந்த யோசனையே வருகிறது. கைக்கு எட்டிய இடத்தில் கட்டிவிட்டு ஓடுகிறோம். அன்றைக்குக் கட்டிய இடமே பிறகு அதன் இடமாகிவிடுகிறது.

அந்த இடங்கள் நம் எல்லோருக்கும் தெரியும். தட்டட்டியில், அதாவது மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில். மாடிப்படிக்குக் கீழே, செருப்பும் பழைய பெயிண்ட் டப்பாவும் கிடக்கிற சந்தில். வாசல் கிரில் கேட்டில். பாத்ரூமில், கதவைச் சாத்தி. எல்லாமே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் சுத்தமாகிற இடங்கள். தரை அழுக்காகக் கூடாது, சோபா கடிபடக் கூடாது என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தோம். குட்டிக்கு எது தோது என்று பார்க்கவில்லை.

தட்டட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் வடகம் காயப்போட ஏறினால், செருப்பில்லாமல் நாமே துள்ளித் துள்ளித்தான் நடக்கிறோம். குட்டிக்கு நாலு காலும் தரையில். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. உள்ளங்காலில் சிறிது வியர்க்கும், மற்றபடி நாக்கை வெளியே போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்க வேண்டும். அதன் இயல்பான உடல் வெப்பமே ஏறக்குறைய 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. காலை எட்டு மணிக்குத் தொட்டி நிழல் விழுந்த இடத்தில் பதினொரு மணிக்கு வெயில் அடிக்கும். கட்டிப்போட்ட குட்டி நிழலோடு நகர முடியாது. வைத்துவிட்டுப் போன பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கயிறு எப்போதோ தட்டிக் கவிழ்த்திருக்கும். சாயங்காலம் வந்து பார்த்தால், தொட்டித் தூணைக் கயிறு பல சுற்றுச் சுற்றி, கழுத்துக்கும் தூணுக்கும் நடுவே ஒரு சாண்தான் மிச்சம் இருக்கும். ‘சேட்டை பண்ணியிருக்கு பாரு’ என்று சிரித்துக்கொண்டே அவிழ்த்துவிட்டோம். பகல் முழுக்க அது என்ன பாடுபட்டது என்று அந்தக் கயிறே சொன்னது. பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டோம்.

கடையநல்லூர் தறி ஊர். தறிக்குழியில் ஆள் உட்கார்ந்திருந்த காலத்தில், நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போவது என்ற பேச்சுக்கே இடமில்லை. பகலெல்லாம் வீட்டில் ஆள் உண்டு. நாய் திண்ணையடியில் படுக்கும், வெயில் ஏறினால் புறவாசலுக்குப் போகும், பசித்தால் அடுப்படிப் பக்கம் வந்து நிற்கும். அந்தக் காலத்தை உயர்த்திப் பிடிக்கவில்லை. அன்றைக்கு நாய்க்குத் தடுப்பூசி போட்டவர் யார்? நோய் வந்து செத்த குட்டிகள் ஏராளம். ஆனாலும் தனிமையில் கிடந்து எந்தக் குட்டியும் கத்தவில்லை. பிறகு திண்ணையை இடித்துப் போர்டிகோ போட்டோம். மதிலை உயர்த்தினோம். வளைகுடாப் பணம் வந்தது, வீடு பெரிதானது, வீட்டில் இருக்கிற ஆள் குறைந்தது. பக்கத்து வீட்டு மதினியிடம் சாவியைக் கொடுத்து, ‘மத்தியானம் ஒரு எட்டு பாத்துக்கிடுங்க’ என்று சொல்கிற பழக்கமும் போய்விட்டது. இதையெல்லாம் யாரும் நம் மேல் திணிக்கவில்லை. வசதி என்று நாமே செய்துகொண்டவை.

நாயைப் பற்றிய பெருமை மட்டும் நமக்குக் குறையவில்லை. நம் ரயில் பாதையிலேயே ராஜபாளையம் இருக்கிறது. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளில் ஒன்று ராஜபாளையம். சங்கரன்கோவிலைத் தாண்டினால் சிப்பிப்பாறை வட்டாரம். 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசியதை நாம் எத்தனை பேருக்கு அனுப்பினோம்! சிப்பிப்பாறை முயலை விரட்டிப் பிடிக்க வளர்த்த இனம். அந்த இனத்துக் குட்டியை மூன்றடிச் சங்கிலியில் கட்டிவைத்துக்கொண்டேதான் அனுப்பினோம்.

பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரை குட்டி உலகத்தைப் பழகுகிற பருவம் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்காட்டும் ஃபுல்லரும் 1965இல் வெளியிட்ட நூலிலிருந்து இன்றுவரை பலரும் சொல்லிவருகிறார்கள். மனிதர், குழந்தை, வண்டிச் சத்தம் எல்லாம் அப்போது பழக வேண்டும். அந்த வாரங்களைத்தான் நாம் மாடிப்படிச் சந்தில் கழிக்க வைத்தோம். பிறகு அது யாரைக் கண்டாலும் பாய்கிறது. ‘இது சரிப்படாது’ என்று ஒருநாள் ஆட்டோவில் ஏற்றி, ஊருக்கு வெளியே குளத்தங்கரையில் இறக்கிவிட்டு வந்தவர்களும் நம்மில் உண்டு. அடுத்த மாதம் தெருநாய்த் தொல்லை என்று நகராட்சிக்கு மனு எழுதும்போது, நாம் இறக்கிவிட்டதை மறந்திருந்தோம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், மிகக் குட்டையான சங்கிலியில் விலங்கை நெடுநேரம் கட்டிவைப்பதும், எப்போதும் கட்டியே கிடக்கும் நாயை நடக்கவிடாமல் வைப்பதும் குற்றம் என்கிறது. முதல் தடவைக்கு அபராதம் ஐம்பது ரூபாய்க்கு மேல் இல்லை. அதிகாரி வந்து நம் தட்டட்டியில் ஏறிப் பார்க்கப்போவதில்லை. ஏறிப் பார்க்க வேண்டியவர்கள் நாம்தான்.

சரிசெய்வது ஒன்றும் பெரிய காரியமில்லை. கீழ்த்தளத்தில் காற்று வருகிற ஓர் அறை, அல்லது அதில் ஒரு மூலை போதும். வாசலுக்குக் குறுக்கே இடுப்பளவு கம்பித் தடுப்பை வைத்தால் குட்டி தாண்டாது, நம்மையும் பார்க்க முடியும். தரையில் கிடக்கும் ஒயரை மேலே தூக்கிக் கட்ட வேண்டும். கவிழாத கனமான மண்சட்டியில் தண்ணீர், படுக்கப் பழைய நூல்சேலை, ஒரு மூலையில் செய்தித்தாள், கடிக்க ஏதாவது ஒன்று. தனியாக இருக்கும்போது கயிறு வேண்டவே வேண்டாம். கூண்டு வைத்தால், எழுந்து நின்று திரும்பிப் படுக்க இடம் இருக்க வேண்டும்; அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். குட்டியின் வயது எத்தனை மாதமோ, அதோடு ஒன்றைக் கூட்டினால் வருகிற மணி நேரம்தான் அது சிறுநீரை அடக்கும் என்பது பொதுவான கணக்கு. மூன்று மாதக் குட்டிக்கு நான்கு மணி நேரம். காலையில் போய்ச் சாயங்காலம் வருகிற வீட்டில், நடுவில் ஒருவர் வந்தே ஆக வேண்டும். சின்னக் குட்டிக்கு நாளைக்கு மூன்று, நான்கு வேளை தீனியும் வேண்டும்.

அந்த ஒருவரைத் தேடுவதில்தான் நாம் மறந்த சாவி திரும்ப வரும். பக்கத்து வீடு நாயைச் சேர்க்காத வீடாகவும் இருக்கலாம்; அப்படிப்பட்ட வீடுகள் நம் ஊரில் உண்டு. தாகத்தில் தவித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவருக்குப் பாவமன்னிப்புக் கிடைத்த நபிமொழியைக் கேட்டு வளர்ந்தவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். மத்தியானம் வந்து சட்டியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள் என்றால் மறுக்கமாட்டார்கள். கேட்காமல் இருந்தது நாம்தான்.

புதிதாக வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டு விதி, நீங்களும் வாங்காதீர்கள். லீவு விட்ட முதல் நாளில் கொண்டுவந்தால், ஐந்து நிமிடம், கால் மணி, ஒரு மணி நேரம் என்று தனிமையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாம். பகலில் எட்டிப் பார்க்க யாருமே இல்லையென்றால், இந்த வருஷம் வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே குட்டி தட்டட்டியில் இருந்தால், இன்றைக்கே கீழே கொண்டுவாருங்கள்.