நீர்ப்பூண்டும் நாட்டுச் சட்டமும்

கொழும்பு மாநகரின் கால்வாய்களிலே ஊதாநிறப் பூங்கொத்தைத் தாங்கி மிதக்கும் நீர்ப்பூண்டொன்றை இம்மலரைப் படிக்கும் அன்பர் பலரும் கண்டிருப்பர். அதனை ஆகாயத்தாமரை என்பாருமுளர், ஆற்றுவாழை என்பாருமுளர். சிங்கள மக்கள் 'ஜப்பான் ஜபர' என்பர். ஆனால் நம் வைத்திய நூல்கள் ஆகாயத்தாமரை எனச் சுட்டுவது பிறிதொரு பூண்டையாகும். ஜப்பானோடும் இதற்குப் பிறப்புறவு யாதுமில்லை. அமேசன் நதிப்பாங்கரே இதன் தாயகம். தமிழாசிரியன் ஒருவன் பூண்டைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என வினவுவார்க்கு, இப்பெயர்க் குழப்பமே என் விடை. பெயர் பிழைத்தால் சட்டமும் பிழைக்கும் என்பதைக் கீழே காட்டுவேன்.

இப்பூண்டு 1904ஆம் ஆண்டளவில் அழகுக்காக இலங்கைக்குக் கொணரப்பட்டது. ஐந்தாண்டுகளுள், 1909இல், இதன் பெயராலேயே ஒரு கட்டளைச் சட்டம் பிறந்தது. ஒற்றைச் செடிக்கென ஒரு சட்டம் அவ்வளவு விரைவில் எழுந்தமை வியப்பே. எனினும் நூறாண்டு கடந்தும் பூண்டு நம் கால்வாய்களை விட்டகலவில்லை. காரணம் எளிது. தக்க நீர்நிலையில் இரு வாரத்துள் இருமடங்காகப் பெருகும் இயல்பினது அது; அதன் வித்தோ சேற்றினுள் பதினைந்தாண்டுக்கு மேலும் உயிர்தாங்கிக் கிடக்கும். மேலே மிதப்பதை அள்ளலாம். சேற்றில் உறங்குவதை எச்சட்டம் அள்ளும்? நீரோட்டம் தடைப்பட, மாரி மழையில் வெள்ளம் தாழ்ந்த ஒழுங்கைகளை நாடுகின்றது. இப்படிப்பட்ட பூண்டுகளின் வேரிலிருந்து காற்றை உறிஞ்சி வளரும் நுளம்பினமும் உண்டு.

சல்வீனியாவின் கதை இதனினும் படிப்பினை மிக்கது. 1939இல் அதனை இந்நாட்டுக்குக் கொணர்ந்தது வணிகருமல்லர், குடியானவருமல்லர். கொழும்பிலிருந்த உயர்கல்வி நிலையத்தின் தாவரவியற் பகுதியே மாணாக்கர்க்குக் காட்டும் பொருட்டு அதனைத் தருவித்தது. அங்கிருந்து தப்பிய பூண்டு சில ஆண்டுகளிற் பல்லாயிரம் ஏக்கர் வயலையும் நீர்நிலையையும் மூடிற்று. நஞ்சு தெளித்தும் பயனில்லை. இனமே பிழையாகக் கணிக்கப்பட்டிருந்தமையால், அதன் இயற்கைப் பகைவனை அறிஞர் வேற்றினப் பூண்டுகளிலே தேடி உழன்றனர். அது தனியினமென 1972இல் தெளிந்தது. தென்கிழக்குப் பிறேசிலே அதன் தாயகமென 1978இல் கண்டனர். அங்கு கிடைத்த சிறு கூன்வண்டு 1986இல் இலங்கையிலும் விடப்பட்டது. பட்டாளம் போலத் திரண்ட ஆட்களும் மருந்தும் செய்யாததைக் கடுகளவான வண்டு பெரும்பாலும் செய்துவிட்டது. சரியான பெயரின் விலை இத்தகையது.

பேராதனைப் பூங்காவுக்கு 1826இல் வந்த நாயுண்ணி காடு கரம்பையெல்லாம் பரவிற்று. உவர்நிலந் திருத்தவென 1950களில் அம்பாந்தோட்டையில் நடப்பட்ட சீமைக்கருவேலம் இன்று புந்தலைப் பறவைகளின் இடத்தைப் பிடிக்கின்றது. கொணர்ந்தவர் யாவரும் கற்றோரே. பூண்டு பரவிய பின் எழும் சட்டமோ நிலத்துக்குரிய ஏழையையே நாடிச் செல்லும். கொணர்ந்தவர் அதற்கு முன்னரே ஓய்வூதியம் பெற்றுச் சென்றிருப்பர்.

ஈண்டு ஒன்று வற்புறுத்த விரும்புகின்றேன். வெளியிலிருந்து வந்தமை குற்றமன்று. மிளகாயும் மரவள்ளியும் பப்பாசியும் கடல்கடந்து வந்தவையே. அவற்றை நீக்கினால் நம் அடுக்களையில் எஞ்சுவது யாது? 'வந்தேறி' என்னுஞ் சொல்லை மனிதர்மேல் எறியக் கேட்டவர் நாம். அதனைச் செடிக்கும் எளிதில் வழங்கலாகாது. பிறந்த ஊரையன்று, புகுந்த ஊரில் ஒழுகும் ஒழுக்கத்தையே சட்டம் ஆராயவேண்டும்.

அவ்வாராய்ச்சி நம் சட்டத்தில் உண்டா? 1924ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் வழிவந்த 1999ஆம் ஆண்டுத் தாவரப் பாதுகாப்புச் சட்டம், பெயருக்கேற்பத் தாவரங்களுக்குத் தீங்கு செய்யும் உயிரிகளையே முதற்கண் நோக்குகின்றது. பயிரைக் காக்கும் கண் அது. கால்வாயை அடைக்கும் பூண்டும், மூச்சை அடைக்கும் பூண்டும் அக்கண்ணின் ஓரத்திலேதான் படுகின்றன. வவுனியாவில் 1999இல் அறியப்பட்ட பார்த்தீனியம் தோலையும் சுவாசத்தையும் வருத்துவது. ஒரு செடியே 15,000 விதைகளைச் சொரியவல்லது. அன்னிய ஆக்கிரமிப்பு இனங்கள் பற்றிய தேசியக் கொள்கை 2016இல் வெளிவந்தது, நன்றே. ஆயினும் கொள்கை நீதிமன்றில் நின்று வழக்காடாது.

அவுஸ்திரேலியர் 1997 முதல் வேறொரு முறையைக் கைக்கொண்டுள்ளனர். புதுச்செடி எதுவாயினும் நுழையுமுன்னர் 49 வினாக்களுக்கு விடை கூறவேண்டும். பிற நாட்டில் களையாயிற்றா? வித்து எங்ஙனம் பரவும்? நீரில் வாழுமா? இவ்விடைகளுக்குப் புள்ளி இட்டே வாயிலைத் திறப்பர். நம்மவரோ பெரும்பாலும் திறந்த வாயிலின் பின் நின்று பட்டியல் எழுதுகின்றோம்.

நம் கல்லூரியிற் பயின்று சுங்கத்திலும் சட்டத்துறையிலும் விவசாயத் திணைக்களத்திலும் பணிபுரிவோர் இம்மலரைக் கையிலேந்துவர் என்ற துணிவால் ஒரு வேண்டுகோள். தடைசெய்யப்பட்ட பூண்டுகளின் பட்டியல் மும்மொழியிலும், ஊர்தோறும் வழங்கும் பெயர்களோடும் படத்தோடும் வெளிவரல் வேண்டும். வெள்ளவத்தையில் மீன்தொட்டிக்குச் செடி விற்பவரும், கொட்டாஞ்சேனையில் அத்தொட்டி நீரைக் கானில் ஊற்றும் சிறுவனும் இலத்தீன் பெயரை அறியார். தமிழ்ப் பெயர்களைத் தொகுத்துத் தருதல் எம்போன்ற ஆசிரியரால் இயலும்; கேட்பாராயின் இவ்வாண்டு விடுமுறையிலேயே தொடங்கலாம்.