பெயர் ஒன்று, ஆள் வேறு

ஔவையார் ஒருவரா, பலரா என்னும் வினா தமிழ்த்துறை வகுப்பறைகளில் ஓயாது எழுவது. சங்கப் பாடல் பாடியவரையும் ஆத்திசூடி அருளியவரையும் ஒருவராகக் கொள்ளுதல் இயலாது என்பதைக் காலத்தையும் மொழிநடையையும் காட்டி அறிஞர் நிறுவினர். இதே சிக்கல் கடல் கடந்த நாடொன்றில் ஒரு தனி ஆய்வுத்துறையையே வளர்த்திருக்கிறது. அமெரிக்கா இங்கிலாந்தின் குடியேற்ற நாடாயிருந்த 17, 18ஆம் நூற்றாண்டுகளின் குடும்ப வரலாற்றை ஆராய்வோர்க்கு முதற்பகை ஆவணமின்மை அன்று. ஆவணத்திற் காணும் பெயரே. பெயரைக் கண்டவுடன் ஆளைக் கண்டுவிட்டோம் எனத் துணிவதே இத்துறையின் பெரும்பிழை என்பது நம் கருத்து.

பாட்டன் பெயரைத் தாங்குபவனைப் பெயரன் என்றழைத்த தமிழர்க்கு அக்குடியேறிகளின் வழக்கம் வியப்பளிக்காது. ஜான், வில்லியம், தாமஸ், மேரி, எலிசபெத் முதலிய சில பெயர்களே தலைமுறைதோறும் திரும்பத் திரும்ப வந்தன. குழந்தை ஒன்று இறப்பின் அடுத்துப் பிறந்த மகவுக்கு அப்பெயரையே இடுதலும் உண்டு. பெயரின் பின் வரும் 'சீனியர்', 'ஜூனியர்' என்னும் சொற்களோ இன்றைய பொருளில் வழங்கவில்லை. அவை ஓர் ஊரில் வாழ்ந்த மூத்தவரையும் இளையவரையும் குறித்தன. அவ்விருவர் தந்தையும் மகனுமாக இருக்கலாம். சிற்றப்பனும் அண்ணன் மகனுமாக இருக்கலாம். உறவே அற்றவராகவும் இருக்கலாம். மூத்தவர் மறைந்தபின் நேற்றைய ஜூனியர் இன்று சீனியர் ஆகிவிடுவார். 'கசின்' என்பது உடன்பிறந்தார் மகனையும் குறித்தது. 'டாட்டர்-இன்-லா' என்றால் மருமகள் என்று மட்டுமன்றி, மனைவியின் முன்கணவர்க்குப் பிறந்த மகள் என்றும் பொருள்படும். இவை போதாவென்று நாட்காட்டியும் குழப்பும். 1752 வரை அங்கு ஆண்டுப் பிறப்பு மார்ச் 25. ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்த நாள் குடும்பக் குறிப்பில் 1731/32 பிப்ரவரி 11 என்றிருக்க, நாம் 1732 பிப்ரவரி 22 எனக் கொள்வது இதனாலேயே.

அந்த வாஷிங்டன் குடும்பத்தையே சான்றாகக் கொள்வோம். 1657ஆம் ஆண்டளவில் ஜான் வாஷிங்டன் என்பவர் வர்ஜீனியாவில் வந்து தங்கினார். அவர்தம் உடன்பிறந்த லாரன்ஸும் பின்னர் வந்து சேர்ந்தார். ஜானின் மக்கள் லாரன்ஸ், ஜான். லாரன்ஸின் மகனும் ஜான். ஜானின் மகனாகிய லாரன்ஸுக்கு மீண்டும் ஒரு ஜான். மூன்று தலைமுறைக்குள் நான்கு ஜான்கள்! அந்த இரண்டாம் லாரன்ஸின் மற்றொரு மகனான அகஸ்டினே ஜார்ஜின் தந்தை.

குடியேறிய ஜான் யாருடைய மகன்? இங்கிலாந்தின் குலமரபுகளைப் பதியும் அரச அலுவலகத்தின் மூத்த அலுவலர் சர் ஐசக் ஹெர்ட் இதனை ஆராய முனைந்து, குடியரசுத் தலைவராயிருந்த வாஷிங்டனுக்கே எழுதிக் கேட்டார். இப்பொருளில் தாம் மிகுதியாகக் கருத்துச் செலுத்தியதில்லை என்று கூறியே வாஷிங்டன் 1792இல் தாம் அறிந்தவற்றை எழுதியனுப்பினார். சல்கிரேவ் ஊர் வாஷிங்டன் குடும்பத்தில் ஜான், லாரன்ஸ் என்னும் உடன்பிறந்தார் இருவரைக் கண்ட ஹெர்ட், குடியேறியவர் அவர்களே எனக் கொண்டார். குடும்பம் சரி, பெயர்கள் சரி, உடன்பிறப்பு என்பதும் சரி. பின்வந்த வரலாற்றாசிரியரும் அவ்வழியே நடந்தனர்.

முக்கால் நூற்றாண்டு கழிந்து, 1866இல், இலண்டனில் வாழ்ந்த அமெரிக்க ஆய்வாளர் ஜோசப் லெமுவேல் செஸ்டர் அக்கட்டடத்தைத் தகர்த்தார். சல்கிரேவ் ஜானோ 'சர்' பட்டம் பெற்றவர்; வர்ஜீனியா ஆவணம் எதிலும் அப்பட்டம் இல்லை. சல்கிரேவ் லாரன்ஸோ திருச்சபைக் குரு. குடியேறிய லாரன்ஸ் குருவானவர் அல்லர். பெயர் பொருந்த, வாழ்க்கை பொருந்தவில்லை. விடை 1889இல் ஹென்றி வாட்டர்ஸ் வெளியிட்ட ஆய்வில் கிட்டியது. குடியேறியவரென ஹெர்ட் கருதிய அந்தக் குருவே குடியேறியவர்களின் தந்தை! ஒரு தலைமுறை இடம் மாறியிருந்தது.

இவ்விடையைத் தந்தது பெரிய மனிதர் எவருடைய பட்டயமும் அன்று. டிரிங் என்னும் சிற்றூரில் ஆண்ட்ரூ நோலிங் என்பார் எழுதிய உயில், குருவின் மனைவி ஆம்ஃபிலிஸையும் அவர் பெற்ற மக்களையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது: ஜான், லாரன்ஸ், வில்லியம், எலிசபெத், மார்கரெட், மார்த்தா. வர்ஜீனியாவில் குடியேறிய சகோதரி மார்த்தா 1697இல் எழுதிய உயில், இங்கிலாந்தில் உள்ள தம் உடன்பிறந்த மகளிராக எலிசபெத்தையும் மார்கரெட்டையும் சுட்டுகிறது. ஜான் என்னும் தனிப்பெயர் ஆயிரம் பேர்க்கு உரியது. உடன்பிறந்தார் பெயர்கள் ஒருங்கே இரு கரையிலும் பொருந்துவது அரிது. ஒருவரை அறியச் சுற்றத்தை அறிதல் வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று நாம் காணவில்லை.

சர் பட்டம் பெற்ற மூதாதை போய், உள்நாட்டுப் போர்க்காலத்தில், 1643இல், பர்லி ஊர்த் திருச்சபைப் பதவியினின்றும் நீக்கப்பட்ட எளிய குரு வந்து நின்றார். இது எத்தனை பேர்க்கு மகிழ்ச்சி அளித்திருக்கும்? பெருமைக்குரிய முன்னோரை விலைக்கு வாங்கவும் மக்கள் அணியமாயிருந்தனர். 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் குஸ்தாவ் ஆஞ்சோ என்பவர் பொய்க் குலவரிசைகளைப் புனைந்து செல்வர்க்கு விற்றே பிழைத்தார். இத்தகைய போலிகளை எதிர்த்து ஆவணத்தையே அளவுகோலாக்கியவர்களுள் தலையாயவர், 1922இல் குலமரபு ஆய்வுக்கென ஏடு தொடங்கிய டொனால்டு லைன்ஸ் ஜேக்கோபஸ். இன்று கணிப்பொறியில் ஒரு பெயரைத் தட்டினால் நூறு குலவரிசைகள் வந்து விழுகின்றன. ஒருவர் இரு ஜான்களை ஒன்றாக்கிவிட்டால் மற்றவர் அதனைப் படியெடுக்கின்றனர். படிகள் பெருகுவதே சான்றாகிவிடுகிறது.

முறையாக ஆராய்வோர் செய்வது வேறு. நிலத்தைப் பின்தொடர்வர்: விற்கும் நிலம் எவ்வழி வந்தது, எல்லையில் உள்ளவர் யார், விற்பனைக்கு இசைந்த மனைவியின் பெயர் என்ன? ஒரு ஜான் கையொப்பமிடுவார். மற்றொரு ஜான் கீறல் இடுவார். பதினாறு வயது நிரம்பிய ஆண்மகன் வரிப்பட்டியலில் சேர்க்கப்படுவதால், ஒருவன் பெயர் முதன்முதல் தோன்றும் ஆண்டு அவன் வயதைக் காட்டும். ஆள் நகராமலே ஊரின் ஆட்சி எல்லை நகர்வதும் உண்டு. ஸ்டாஃபோர்டு கவுண்டி 1664இல் வெஸ்ட்மோர்லாந்திலிருந்து பிரிந்தது. ரப்பஹானக் 1692இல் இரண்டாகப் பிளந்து மறைந்தது. ஒரே வீட்டில் வாழ்ந்தவரை இரு கவுண்டி ஏடுகளிற் கண்டு இருவரென மயங்கினோர் பலர்.

இவ்வளவும் வெள்ளையர் சிலரின் குலப்பெருமைக்காகவா எனக் கேட்கலாம். அன்று என்போம். 1774இல் வாஷிங்டன் எழுதிய வரிப்பட்டியலில் அவருக்கு அடிமைகளாயிருந்தோர் பெயர்களிடையே 'ஃபாத்திமர்', 'சிறிய ஃபாத்திமர்' என இரு பெண்கள் காணப்படுகின்றனர். ஃபாத்திமா என்னும் பெயர் எக்கடல் கடந்து எவ்வாறு அங்குச் சென்றது என்பதை நம் கல்லூரி மாணவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. தாயும் மகளும் ஆவர் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். பட்டியல் அதனைச் சொல்லவில்லை. சிறியவரும் குழந்தை அல்லர். பதினாறு வயதுக்குக் குறைந்த அடிமைகள் வரிக்கு உட்படார். இவ்விருவர்க்கும் குடும்பப் பெயர் இல்லை, கையொப்பம் இல்லை, உயில் இல்லை.

தாயின் நிலையே பிள்ளையின் நிலை என்பது 1662 முதல் வர்ஜீனியாவின் சட்டம். ஆகவே ஒரே பெயருடைய இரு பெண்களுள் தாய் எவள் என்பது ஏட்டுச்சிக்கல் அன்று, விடுதலைச்சிக்கல். 1799இல் வாஷிங்டன் தம் பண்ணை அடிமைகள் 317 பேரைப் பட்டியலிட்டார். தமக்கே உரிய 123 பேரை விடுவிக்க உயில் எழுதினார். மனைவியின் முதற்கணவர் சொத்துவழி வந்த 153 பேரை விடுவிக்க அவர்க்கு உரிமை இல்லை. கணவன் ஒரு பட்டியலிலும் மனைவி மறு பட்டியலிலும் இருந்தனர்.

1850, 1860 ஆண்டுகளின் அடிமைக் கணக்கெடுப்பிலும் பெயர்கள் பதியப்படவில்லை. உடையவர் பெயரின் கீழ் வயதும் பாலும் நிறமுமே உள்ளன. 1870இல்தான் அம்மக்கள் அனைவரும் கணக்கெடுப்பில் பெயருடன் தோன்றுகின்றனர். அதற்கு முன் செல்ல விரும்பும் கருப்பினக் குடும்பம் உடையவரின் உயிலையும் சொத்துப்பட்டியலையும் நாட வேண்டும். அங்கே நான்கு ஜான் வாஷிங்டன்கள் நின்றால், எந்த ஜானின் வீட்டில் தம் பாட்டி இருந்தாள் என்பதை முதலில் அறிந்தாக வேண்டும்.