முக அழகா? நடிப்பா?

காஞ்சீபுரத்துக்குப் பட்டு வாங்க வருகிறவர்களின் கண் முதலில் ஜரிகையில்தான் விழும். விவரம் தெரிந்த பாட்டி மட்டும் புடவையைக் கையில் எடுப்பாள். பாவும் ஊடையும் அழுத்தமாக இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பாள்.

டெலிவிஷன் தொடர் பார்க்கவும் இந்தப் பாட்டியின் கண் வேண்டும்.

கதாநாயகி சிவப்பாக, அழகாக இருந்தால் போதும், தொடர் ஓடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பழைய தொடர்களே அதற்குச் சாட்சி.

தினம் வரும் விருந்தாளி

சினிமா இரண்டரை மணி நேரத்தில் முடிந்து விடும். தொடரோ வருடக் கணக்கில் வீட்டுக்கு வருகிறது. அழகான முகம் முதல் நாள் கண்ணை இழுக்கும். பத்தாம் நாள் பழகிப் போகும். அதற்குப் பிறகும் வீட்டாரைப் பெட்டியின் முன் உட்கார வைப்பது நடிப்புதான்.

ராதிகா சினிமாவுக்கு வந்தது 1978-ல். முதல் படம் "கிழக்கே போகும் ரயில்". 21 ஆண்டுகள் கழித்து, 1999-ல், சன் டி.வி.யில் "சித்தி" தொடர் வந்தது. கதாநாயகி அவரேதான்! 2001 வரை அது ஓடியது. புதுமுகத்தின் பளபளப்பைத் தாய்மார்கள் தேடவில்லை. அனுபவப்பட்ட நடிப்பைப் பார்த்தார்கள்.

ஐந்து பெண்களின் தகப்பன்

"மெட்டி ஒலி" 2002 முதல் 2005 வரை ஓடியது. ஐந்து பெண்களைப் பெற்ற தகப்பனாக டெல்லி குமார் நடித்தார். வயதான மனிதர் வேடம். அதில் அலங்காரத்துக்கு என்ன வேலை? ஆனாலும் அவர் கலங்கினால் வீடே கலங்கியது.

ஊரார் கல்யாணத்துக்குப் பட்டு நெய்து கொடுத்துவிட்டு, சொந்த மகள் கல்யாணத்துக்குக் கடன் தேடும் நெசவாளி உண்டு. அவர் தம்மையே அந்தத் தகப்பனிடம் கண்டிருப்பார். 2020-ல், கொரோனா ஊரடங்கின்போது, அந்தத் தொடர் மறுபடியும் ஒளிபரப்பானது.

அழகு குற்றமா?

இல்லை. தேவயானி அழகான சினிமா கதாநாயகி. ஆனால் 2003 முதல் 2009 வரை ஓடிய "கோலங்கள்" தொடரில் மக்கள் கண்டது குடும்பப் பாரம் சுமக்கும் அபியை! முக அழகு மட்டும் இருந்தால், 1,500 நாட்களுக்கு மேல் ஒரு கதையைத் தாங்க முடியுமா?

காஞ்சீபுரம் தந்த அறிஞர் அண்ணா குள்ளமானவர். அவர் "சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்" நாடகத்தை எழுதி, காகபட்டராக நடித்தார். உருவம் அவருக்குத் தடையாக நிற்கவில்லை.

மகள் பார்க்கிறாள்

இது வெறும் பொழுதுபோக்கு விஷயம் அல்ல. மாநிறப் பெண் ஒருத்தி பாட்டியோடு உட்கார்ந்து தொடர் பார்க்கிறாள். நல்லவள், கெட்டிக்காரி எல்லாரும் சிவப்பு நிறம் என்று தினமும் காட்டினால், அவள் மனம் என்ன பாடுபடும்? பெண் பார்க்க வருகிறவர்கள் நிறத்தை முதலில் கேட்கும் நாட்டில், தொடரும் அதையே கேட்கலாமா?

தொடர் எடுப்பவர்கள் நடிக்கத் தெரிந்தவர்களை முதலில் தேடட்டும். நிறத்தைப் பிறகு பார்க்கட்டும். வீட்டிலுள்ள பெரியவர்களும், "எவ்வளவு சிவப்பாக இருக்கிறாள்!" என்பதை விட்டு, "எவ்வளவு நன்றாக நடிக்கிறாள்!" என்று சொல்லிப் பழகட்டும். மகளின் காதில் அது விழும்.

ஜரிகை வேண்டாம் என்று எந்த நெசவாளியும் சொல்ல மாட்டார். ஆனால் வெறும் ஜரிகையை யாராலும் உடுத்த முடியாது!