ஆன்லைன் மொழி வகுப்புகள்: கேட்டுத் திருத்துபவர் யார்?

மேலப்பாளையம், பேட்டை, ஏர்வாடி, கடையநல்லூர் என நெல்லைச் சீமையில் நம் மக்கள் வாழும் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், மொழி வகுப்பு விளம்பரம் வராத வாட்ஸ்அப் குழு இன்று அரிதாகிவிட்டது. வளைகுடா போகிறவர்களுக்கு ஸ்போக்கன் அரபி, கல்லூரி முடித்தவர்களுக்கு ஆங்கிலம், நர்சிங் படித்த பிள்ளைகளுக்கு ஜெர்மன், சிறுவர்களுக்குக் குர்ஆன் ஓதல் என எல்லாமே செல்பேசி வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டன.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பள்ளிகளோடு மக்தபுகளும் மூடப்பட்டன. வேறு வழியில்லாமல் ஜூமும் கூகுள் மீட்டும் பழகினோம். ஊரடங்கு முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இதனால் நமக்குப் பெரிய நன்மை கிடைத்திருக்கிறது. வெளியூர் சென்று படிக்க முடியாத பெண்களுக்கும், பகலில் கடையில் நிற்கும் இளைஞர்களுக்கும் இது உண்மையிலேயே திறந்த கதவு. அதே சமயம் கட்டணம் கட்டி, மாதக்கணக்கில் வீடியோ பார்த்து, கடைசியில் நான்கு வாக்கியம் பேச முடியாமல் நிற்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். குறை மாணவரிடமா, தொழில்நுட்பத்திலா, அல்லது நாம் அதைப் பயன்படுத்தும் முறையிலா என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஒப்பந்தத்தின் மொழி

மொழி நமக்குப் பொழுதுபோக்கு அல்ல. சவூதி தொழிலாளர் சட்டப்படி வேலை ஒப்பந்தம் அரபியில் இருக்க வேண்டும். பக்கத்தில் ஆங்கிலம் இருந்தாலும், இரண்டுக்கும் முரண்பாடு வந்தால் அரபி வாசகமே செல்லும். சம்பளம், வேலை நேரம், விடுமுறை, திரும்பி வரும் டிக்கெட் எல்லாம் அந்த வாசகத்தில்தான் இருக்கின்றன. ஏஜென்ட் வாயால் சொன்னதை நம்பிக் கையெழுத்திடும் நம் இளைஞர்களில் எத்தனை பேரால் அதைப் படித்துப் புரிந்துகொள்ள முடியும்? சிறுவயதிலிருந்து குர்ஆன் ஓதுகிறோம். எழுத்துக்களைக் கூட்டி வாசிக்க நமக்குத் தெரியும். ஆனால் வாசிப்பது வேறு, பொருள் அறிவது வேறு.

கடிதங்களைப் படிக்கவும் எழுதவும் யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் கூறியதை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். பிறர் வாயை நம்பி நிற்காமல் நாமே படித்து அறிய வேண்டும் என்ற தேவை அதில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நம் பிள்ளைகளுக்கும் அதே தேவைதான்.

வீடியோவுக்குக் காது இல்லை

ஆன்லைன் கல்வித்தளம் என்பது என்ன? பாடத்தைப் பதிவு செய்து வைக்கும், பயிற்சித் தாள் தரும், சிறு தேர்வு வைக்கும், யார் எவ்வளவு படித்தார் என்று கணக்குக் காட்டும். மத்திய அரசு 2017 ஜூலையில் தொடங்கிய ஸ்வயம் தளம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் ஒவ்வொரு பாடமும் வீடியோ விரிவுரை, வாசிப்புப் பகுதி, தன்னைத்தானே சோதிக்கும் தேர்வு, சந்தேகம் கேட்கும் பகுதி என நான்கு கூறுகளாக இருக்கும். ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் நடத்தும் ஜெர்மன் பாடத்தை நெல்லையில் இருந்தபடி கட்டணமின்றிப் படிக்கலாம். சான்றிதழ் வேண்டுமானால் தேர்வுக் கட்டணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும்.

வரலாறோ கணக்கோ படிக்க இந்த ஏற்பாடு பெருமளவு போதும். மொழிக்குப் போதாது. அரபியில் 'இதயம்' என்பதற்கான சொல்லையும் 'நாய்' என்பதற்கான சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'கல்ப்' என்றுதான் வரும். முதல் சொல் தொண்டையை ஒட்டிய 'காஃப்' எழுத்தில் தொடங்குகிறது. இரண்டாவது நாம் சாதாரணமாகச் சொல்லும் 'க'வில் தொடங்குகிறது. தமிழ் நாக்குக்கு இந்த வேறுபாடு பிறப்பில் வராது. ஆயிரம் முறை வீடியோவைப் பார்த்தாலும், நாம் சொல்வது தவறு என்று நமக்கே தெரியாது. பக்கத்தில் இருந்து கேட்டு, "இல்லை, இன்னும் உள்ளே இருந்து சொல்லு" என்று திருத்த ஒருவர் வேண்டும். ஓதிக் கொடுப்பதும் அதைத் திரும்ப ஓதிக் காட்டுவதும் குர்ஆன் கல்வியின் முறையாக இன்றுவரை இருப்பது இதனால்தான்.

பேச்சு அரபியில் இன்னொரு சிக்கலும் உண்டு. 'எப்படி இருக்கிறீர்?' என்பதற்குப் பாடநூல் அரபி 'கைஃப ஹாலுக' என்று கற்றுத்தரும். வளைகுடாவில் பலர் 'ஷ்லோனக்' என்றுதான் கேட்பார்கள். நூல் மொழியை மட்டும் படித்தவருக்கு விமான நிலையத்திலேயே தடுமாற்றம் தொடங்கிவிடும். கடைத்தெருப் பேச்சை மட்டும் பழகியவருக்கு ஒப்பந்தம் புரியாது. எதற்காகப் படிக்கிறோம் என்பதைத் தீர்மானிக்காமல் வகுப்பில் சேர்வது வீண்செலவு.

30 நாள் விளம்பரங்கள்

ஆங்கிலம் பேசும் தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்கும் அமெரிக்க வெளியுறவுப் பயிற்சி நிறுவனம், அரபியில் பணி செய்யும் அளவு தேர்ச்சி பெற ஏறத்தாழ 2,200 வகுப்பு மணி நேரம் வேண்டும் என்று கணக்கிடுகிறது. தினம் அரை மணி நேரம் வீதம் படித்தால் 12 ஆண்டுகள்! கடையில் பொருள் வாங்கவும் மேற்பார்வையாளரிடம் பேசவும் இவ்வளவு தேவையில்லை. அதற்குச் சில மாதங்கள் முறையாகப் படித்தால் போதும். ஆனால் 30 நாளில் சரளமாகப் பேசலாம் என்ற விளம்பரத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை இந்தக் கணக்கை வைத்து முடிவு செய்துகொள்ளலாம்.

நம்மவர்கள் காட்டிய வழி

மொழி கற்பிக்க இடமும் ஆளும் வேண்டும் என்பதை நம் ஊர்க்காரர்கள் முன்பே உணர்ந்திருந்தார்கள். கடையநல்லூரிலிருந்து சிங்கப்பூர் சென்றவர்கள் 1941-இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கைத் தொடங்கினார்கள். உலகப் போர் முடிந்த கையோடு, 1946-இல், உமறுப் புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளியை நிறுவினார்கள். துறைமுகத்தை நம்பிப் பிழைக்க வந்த எளிய மக்கள், பிள்ளைகள் தாய்மொழியை மறந்துவிடக் கூடாது என்று எண்ணிச் செய்த காரியம் அது. பின்னர் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, 1982-இல் அது மூடப்பட்டது. ஆனாலும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் என்ற பெயரில் தமிழ் கற்பிக்கும் பணி அங்கே தொடர்ந்தது.

இணையம் வந்த பிறகும் இந்தப் பாடம் மாறவில்லை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டைத் தொடர்ந்து, 2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம். உலகெங்கும் உள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு அடிப்படைச் சான்றிதழ் முதல் பட்டம் வரை இணையம் வழியாகத் தருவதே அதன் நோக்கம். ஆனால் அந்த நிறுவனமும் இணையதளத்தோடு நின்றுவிடவில்லை. பல நாடுகளில் உள்ள தமிழ் அமைப்புகளைத் தொடர்பு மையங்களாகச் சேர்த்துக்கொண்டது. பாடம் இணையத்தில் இருந்தது. பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்க உள்ளூரில் ஆள் இருந்தார். வளைகுடாவில் பிறந்து வளர்ந்து, தமிழைப் பேச மட்டும் தெரிந்த நம் பேரப்பிள்ளைகளும் இந்தப் பாடங்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியது

எனவே ஆன்லைன் வகுப்பை ஒதுக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அதில் இல்லாத பாதியை ஊரில் சேர்க்க வேண்டும் என்கிறோம்.

பாடம், பயிற்சி, தேர்வு எல்லாம் செல்பேசியில் நடக்கட்டும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் மட்டும் ஒரு பேச்சு வகுப்பு ஊரில் நடக்கட்டும். பள்ளிவாசல் நூலகமோ மத்ரஸா அறையோ போதும். பெண்களுக்குத் தனி நேரம், தனி ஆசிரியை. வளைகுடாவில் 20, 30 ஆண்டுகள் உழைத்துத் திரும்பிய பெரியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அங்கே பேசும் அரபி தெரியும். இலக்கணத்துக்கு ஆலிம்கள் இருக்கிறார்கள். இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்தால், காசு கொடுத்தாலும் கிடைக்காத வகுப்பு அமைந்துவிடும். ஆங்கிலத்துக்கு ஊரிலுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர்களையும் கல்லூரி மாணவர்களையும் கேட்கலாம்.

சொந்தமாகத் தளம் வேண்டும் என்று நினைக்கும் மத்ரஸாக்களும் கல்லூரிகளும் பெரும் தொகை செலவழிக்கத் தேவையில்லை. மூடுல் என்ற மென்பொருள் 2002 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. சர்வர் வாடகையும், அதைப் பராமரிக்கக் கணினி தெரிந்த ஓர் இளைஞரும் இருந்தால் போதும். மாணவர் தன் குரலைப் பதிவு செய்து அனுப்பவும், ஆசிரியர் கேட்டுத் திருத்தி அனுப்பவும் அதில் வசதி செய்துகொள்ளலாம். அதுவும் இயலாத இடத்தில், ஒரு வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு அனுப்பித் திருத்தம் பெற்றாலே பாதி வேலை முடிந்தது.

பணம் கட்டும் முன்

பெற்றோர்கள் சில கேள்விகளைக் கட்டாயம் கேட்க வேண்டும். வகுப்பு நேரலையா, பதிவு செய்த வீடியோவா? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? 40 பேர் இருக்கும் ஒரு மணி நேர வகுப்பில் ஒருவருக்குப் பேசக் கிடைப்பது அதிகபட்சம் ஒன்றரை நிமிடம். எட்டுப் பேர் என்றால் ஏழரை நிமிடம். பெண் பிள்ளைகளுக்கு யார் பாடம் எடுக்கிறார்? வகுப்பு பதிவு செய்யப்படுகிறதா, அந்தப் பதிவு யாரிடம் இருக்கும்? இடையில் நின்றால் பணம் திரும்பக் கிடைக்குமா?

எல்லாவற்றுக்கும் மேலாகச் சான்றிதழ். வகுப்பு நடத்தும் தளம் தரும் சான்றிதழ் வேறு. வேலைக்கும் விசாவுக்கும் ஏற்கப்படும் தேர்வு வேறு. ஜெர்மனியில் நர்சாகப் பணிபுரியப் பொதுவாக பி2 நிலை கேட்கப்படுகிறது. அதற்கு அங்கீகரிக்கப்பட்ட தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் நான்கிலும் தேற வேண்டும். ஆங்கிலத்துக்கான ஐஇஎல்டிஎஸ் தேர்விலும் பேச்சுத் திறனைத் தேர்வாளர் ஒருவர் தனியே பேசிப் பார்த்துத்தான் சோதிக்கிறார். வீடியோ மட்டும் பார்த்த பிள்ளை அந்த அறையில்தான் முதன்முதலாக வாய் திறக்கும் நிலை வரக் கூடாது.

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி புன்னக்காயலில் கடலில் சேரும் வரை, அதன் கரையில் நம் பள்ளிவாசல்களும் மத்ரஸாக்களும் எத்தனையோ ஊர்களில் இருக்கின்றன. இஷாவுக்குப் பிறகு பெரும்பாலான மத்ரஸா அறைகள் பூட்டித்தான் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றை வாரம் இரண்டு மணி நேரம் திறந்து வைக்க எந்த அரசின் அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைத்துப் பேசுவோம்.