வீட்டுக்கு வந்தபின் ஏறும் பிரஷர்

பிள்ளை பெற்ற ஐந்தாம் நாள் மகள் தலைவலி என்றால், நாஞ்சில் நாட்டு வீட்டில் முதலில் நடப்பது சுக்கை உரசி நெற்றியில் பற்றுப் போடுவது. "பனி பட்டிருக்கும், ராத்திரி முழுக்க முழிப்பு வேற" என்பார் அம்மா. பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் அந்த வலி பிரஷரால் வந்ததென்றால், பற்று காய்வதற்குள் வலிப்பு வந்துவிடலாம்.

பிரசவத்தோடு ஆபத்து முடிந்தது என்ற நினைப்புதான் இங்கே எமன். பிரசவத்துக்குப் பின் 3 முதல் 6 நாட்களுக்குள்தான் ரத்த அழுத்தம் உச்சத்துக்குப் போகிறது. கர்ப்பத்தில் உடம்பில் தேங்கிய நீர் மீண்டும் ரத்தக்குழாய்க்குள் திரும்புவது அதற்கு ஒரு காரணம். பத்து மாதமும் அழுத்தம் சீராக இருந்தவருக்கும் இது வரலாம். ஆறு வாரம் வரை வரலாம். குழந்தையின் இருபத்தெட்டாம் நாள் சடங்கான இருபத்தெட்டுக் கெட்டு முடிந்துவிட்டதே என்று அசட்டையாக இருக்க முடியாது.

தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கு மேல் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. பெருமைதான். ஆனால் சுகப்பிரசவம் ஆனவர் மூன்றாம் நாள் வாக்கில் வீடு திரும்புகிறார். சரியாக அழுத்தம் ஏறும் நேரம். அதுவும் திரும்புவது புகுந்த வீட்டுக்கல்ல, தாய் வீட்டுக்கு. கர்ப்பப் பதிவு ஓரூரில், பேறுகாலம் வேறூரில். களியக்காவிளைப் பக்கத்தவர்களில் திருவனந்தபுரத்தில் பிள்ளை பெற்று வருவோரும் உண்டு. கணவர் வளைகுடாவிலோ ஆழ்கடலிலோ இருப்பார். இந்தப் பெண்ணைத் தேடிப் போக வேண்டிய கிராம சுகாதார செவிலியர் யார்? இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டியது மாவட்ட சுகாதார நிர்வாகம்.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், பிரஷர் பார்க்கும் கருவியை வீட்டு நடை வரைக்கும் கொண்டுவந்துவிட்டது. திண்ணையில் பாட்டியின் கையில் பட்டை சுற்றுகிறார்கள். உள்ளறையில் வேது குளித்துப் படுத்திருக்கும் பேத்தியின் கையிலும் சுற்ற எவ்வளவு நேரம் ஆகும்? மூன்றாம் நாளும், ஏழு முதல் பத்து நாளுக்குள் இன்னொரு முறையும் பார்த்தால் பெரும்பாலான ஆபத்தைப் பிடித்துவிடலாம். கர்ப்பத்திலேயே அழுத்தம் இருந்தவர்களுக்கு இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் அப்படிப்பட்ட தாய்மாரிடம் கருவியைக் கொடுத்து அனுப்பி, அளவைக் குறுஞ்செய்தியில் கேட்டார்கள். முதல் பத்து நாளுக்குள் நூற்றில் 92 பேரின் அளவு கிடைத்தது. நேரில் வரச் சொன்னவர்களில் கிடைத்தது 44 பேருடையது மட்டுமே.

வீட்டார் கவனிக்க வேண்டியவை: விடாத தலைவலி, கண் மங்குதல், கண்முன் பூச்சி பறப்பது, வலது விலாவுக்குக் கீழே வலி, மூச்சுத் திணறல், முகம் திடீரென ஊதுவது. முதுகில் ஊசி போட்டு சிசேரியன் ஆனவருக்கு, உட்கார்ந்தால் கூடி படுத்தால் குறையும் தலைவலி வருவதுண்டு. அதையும் அழுத்தம் பார்த்த பிறகே ஊசியின் கணக்கில் எழுத வேண்டும். 140/90-ஐத் தொட்டால் அன்றே மருத்துவரிடம் காட்டவேண்டும். 160/110 என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, 108-ஐ அழையுங்கள். அவசரப் பிரிவில் நுழைந்ததும் முதல் வார்த்தையாக "பிள்ளை பெத்து இத்தனை நாள் ஆச்சு" என்று சொல்லிவிடுங்கள். மருத்துவர் அதை வைத்துத்தான் வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்ஃபேட் ஊசி வேண்டுமா என்று முடிவெடுப்பார்.

மாத்திரை பாலில் கலக்குமே என்று பாட்டிமார் அஞ்சுகிறார்கள். நிஃபெடிபின், லபெட்டலால் இரண்டும் பாலூட்டும் தாய்மாருக்கு வழக்கமாகக் கொடுப்பவை. தலைவலி நின்றது என்று தானாக நிறுத்துவதுதான் ஆபத்து. பால் ஊறும் என்று கருவாட்டை அள்ளி வைப்பதையும் பிரஷர் வந்த தாய் இருக்கும் வீடுகளில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். உப்பில்லாத பால்சுறாப் புட்டு போதும்.

ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முதல் தக்கலை, குழித்துறை அரசு மருத்துவமனைகள் வரை, தனியாரிலும்கூட, வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் மூன்று விஷயம் தமிழில் இருக்க வேண்டும்: அடுத்து அழுத்தம் பார்க்கும் தேதி, தாய் வீட்டுப் பகுதியின் செவிலியர் பெயர், நள்ளிரவிலும் எடுக்கும் ஒரு தொலைபேசி எண். ஆட்சியர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் அடுத்த வாரமே தொடங்கிவிடலாம்.