ஜின் என்று அனுப்ப முதல் காதை வைத்துப் பாருங்கள்

கல்லடிப் பாலத்தடியில் இரவில் கேட்கும் முனகல் ஜின்னுடையதாம். மூன்று நாளாக வட்ஸ்அப்பில் இதுதான் ஓடுகிறது. மஃரிபுக்குப் பிறகான சாதாரண தர வகுப்புக்குப் பாதிப் பிள்ளைகள் வருவதில்லை. அனுப்பியவர்களே, நீங்கள் போய்க் கேட்டீர்களா? ஜின்கள் உண்டென்பதை நாங்கள் மறுக்கவில்லை. மீன்பாடும் தேனாட்டில் பிறந்துவிட்டு வாவிச் சத்தத்துக்குப் பிள்ளைகளை வீட்டுக்குள் அடைப்பதுதான் வெட்கம்.

நாங்கள் நாலு ஆசிரியர்கள் பௌர்ணமியன்று தோணியில் போனோம். மீன்பிடிக்கும் காக்கா ஒருவர் துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி, மறுமுனையைக் காதில் வைக்கச் சொன்னார். அடித்தொண்டையில் யாரோ விட்டுவிட்டு இழுப்பது போல ஒரு சத்தம். தோணி விலகக் குறைந்தது, திரும்பி வரக் கூடியது. பாலத்தில் லொறி போனால் ஒன்றுமே கேட்கவில்லை.

இது நேற்று வந்த சத்தமுமில்லை. எமர்சன் டெனன்ட் என்ற வெள்ளைக்கார அதிகாரி இதே வாவியில் கேட்டு 1859இல் புத்தகத்தில் எழுதினார். அவருக்கு நம் மீனவர்கள் காட்டியது ஊரியை. பிறகு அமெரிக்காவிலிருந்து வந்த லாங் பாதிரியார் ஒலிப்பதிவே செய்தார். எங்கிருந்தோ வந்தவர்கள் காது கொடுத்தார்கள். நாம் ஃபோர்வர்ட் பண்ணுகிறோம்!

பாடுவது மீனா ஊரியா என்று நாங்களும் தீர்ப்புச் சொல்லவில்லை. அடுத்த பௌர்ணமிக்குப் பிள்ளைகளை வாப்பாமாரோடு கூட்டிப் போகிறோம். தடுக்க நினைப்பவர்கள் முதலில் தோணியில் ஏறுங்கள், இடமிருக்கிறது.